ஓரிரு வரிகளில் விடையளி: உடற்கல்வி

உடற்கல்விக்கு எழுத்துத் தேர்வு வைக்கலாம் என்று முதலில் யோசித்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஓரிரு வரிகளில் விடையளிக்கவும் என்று சொல்லியிருப்பேன். பள்ளியை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது, கல்யாணமாகிக் குழந்தையும் வந்தாயிற்று, இந்தக் கோபம் மட்டும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நானும் ஆசைப்படவில்லை.

நான் படித்தது விருத்தாசலத்தில், செராமிக் கம்பெனிகள் இருக்கும் பக்கத்தில் ஒரு பள்ளி. தாளாளருக்குச் சொந்தமாக ஒரு பொம்மைக் கம்பெனியும் இருந்தது. பள்ளிக்கும் கம்பெனிக்கும் நடுவே ஒரே ஒரு மதில், அதில் ஓர் இரும்புக் கதவு. ஆடி பிறந்தால் அந்தக் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். கொலுவுக்குப் போகும் பொம்மைகளை அச்சிலிருந்து எடுத்துப் பிசிறு சீவி, சூளையில் வைக்கும் முன் காயப்போட வேண்டும். கம்பெனியில் இடம் பத்தாது. எங்கள் மைதானம்தான் இருக்கவே இருக்கிறதே! செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, வரிசை வரிசையாகப் பச்சை மண் பிள்ளையார், கண்ணன், காவல்காரன், கல்யாண செட்டு. கொலு முடிந்ததும் கார்த்திகைக்கு அகல் விளக்கு. நாங்கள் மதிலோரமாக ஒட்டிக்கொண்டு கழிவறைக்குப் போய் வருவோம். ஒரு பந்து அந்தப் பக்கம் உருண்டாலும் வாட்ச்மேன் கத்துவார்.

மைதானம் இல்லாமல் உடற்கல்வி எப்படி நடக்கும்? அதற்குத்தான் எழுத்துத் தேர்வு. பி.டி. பீரியடில் கணக்கு டீச்சர் வராத நாட்களில் பி.டி. சார் வந்து நோட்ஸ் கொடுப்பார். உடற்பயிற்சியின் நன்மைகள் ஐந்து கூறுக. நல்ல உடல்தோரணை என்றால் என்ன? கோ-கோ ஆடுகளத்தின் படம் வரைக. நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் வரும் தீமைகள் யாவை? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலை பீரியடு பூராவும் ஒரே இடத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தோம். யாருக்கும் சிரிப்புகூட வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பிள்ளையார்கள் சுகமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

பி.டி. சார் கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும். விளையாட்டு என்றால் உயிர், தாளாளர் என்றால் பயம், இரண்டும் அவருக்கு ஒரே அளவில் இருந்தன. விடிகாலையில் டி.வி.எஸ். வண்டியில் வந்து, எங்கள் கோ-கோ அணியை மணிமுத்தாற்று மணலுக்குக் கூட்டிப் போவார். தண்ணீர் ஓடாத ஆறு எங்களுக்கு மைதானமானது. மணலில் ஓடிப் பழகியவர்களுக்குக் கட்டாந்தரை ஒரு பொருட்டே இல்லை. திட்டக்குடியில் நடந்த போட்டியில் எங்களைப் பார்த்துச் சிரித்த பள்ளிகள் எல்லாம் மத்தியானத்துக்குள் வாயை மூடிக்கொண்டன. மாவட்டப் போட்டிக்குத் தேர்வானோம்.

அன்று எங்களை ஜெயிக்க வைத்தது என் தோழி. பெயர் சொல்ல மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. அவளைக் கடைசியாகத்தான் களத்துக்குள் அனுப்புவோம். எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு நடுவே இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வருவாள். துரத்துகிற பெண் கையை நீட்டும் நேரத்தில் அங்கே இருக்க மாட்டாள். திட்டக்குடியில் விசில் ஊதும்வரை அவளை யாராலும் தொட முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் வெளியூர்ப் பெண்கள் கல்லூரி ஒன்றிலிருந்து வந்திருந்த விளையாட்டு மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிளஸ் டூ முடிச்சிட்டு என்ன பண்ணப் போறே?"

"தெரியல மேடம்."

"மாவட்டப் போட்டியில ஆடின சர்ட்டிபிகேட்டு மட்டும் கொண்டா. ஜெயிக்கக்கூட வேணாம், ஆடினா போதும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு, ஹாஸ்டலு ஃப்ரீ. மத்தத நான் பாத்துக்கறேன்."

வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு அப்பா கிடையாது. அம்மா எங்கள் தாளாளரின் கம்பெனியில்தான் பொம்மைக்குப் பிசிறு சீவிக்கொண்டிருந்தார். மகள் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா சொன்ன பதிலை அவளே எனக்குச் சொல்லிக் காட்டினாள்: "சர்ட்டிபிகேட்டு வந்தா காலேஜிக்குப் போ. வரலியா, என் பக்கத்துல ஒக்காந்து சீவு. வூட்ல வச்சி சோறு போட என்னால முடியாது." கொடுமைக்காரி என்று நினைக்க வேண்டாம். உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

போட்டி கடலூரில். காலை பத்து மணிக்குள் களத்தில் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால் பிரேயரில் அறிவிப்பு வந்தது: மறுநாளுக்கு மறுநாள் உடற்கல்வி எழுத்துத் தேர்வு. அதற்கு அடுத்த நாள் பள்ளியைப் பார்வையிட அதிகாரி வருகிறார், எல்லாப் பாட விடைத்தாளும் கட்டாக இருக்க வேண்டும், ஒரு பிள்ளை விடுபடக் கூடாது.

அதாவது, மாவட்டக் கோ-கோ போட்டி அன்றைக்கே, அதே காலையில், உடற்கல்வித் தேர்வு!

அணி மொத்தமும் தாளாளர் அறை வாசலில் போய் நின்றோம். பி.டி. சார் எங்களுக்குப் பின்னால் நின்றார். முன்னால் நின்றிருக்க வேண்டியவர் அவர். நான்தான் கேப்டன், நான்தான் பேசினேன்.

"சார், நாங்க மட்டும் நாளைக்கே எழுதிடறோம் சார். நைட்டுக்கு வேணும்னாலும் ஒக்காந்து எழுதறோம்."

"ஏன், கேள்வியப் பாத்துட்டு வந்து மத்த பிள்ளைங்களுக்குச் சொல்றதுக்கா?"

"அப்ப வேற கேள்வி குடுங்க சார்."

"பாத்தீங்களா மாஸ்டர், எப்பிடிப் பேசுதுன்னு?" என்று எனக்குப் பின்னால் பார்த்துச் சொன்னார். பிறகு நிதானமாக, பெரிய நியாயம் பேசுகிறவரைப் போல, "ஏம்மா, வெளையாட்டுப் பாடத்துல பரீட்ச எழுதாம வெளையாடப் போறேன்னு சொல்றியே, இது எந்த ஊரு ஞாயம்? மொதல்ல படிப்பு. எழுதி முடிச்சிட்டுத் தாராளமாப் போங்க, யாரு வேணாங்கறா?"

தேர்வு முடிவது பதினொன்றுக்கு. கடலூருக்கு பஸ்ஸு போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த மனிதருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. பொம்மை எண்ணும்போது ஒன்றுகூட விட மாட்டார்.

என் தோழி அப்போதுதான் வாய் திறந்தாள். "சார், எனக்கு இதுல போனாத்தான் காலேஜி சார்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ நம்ம சீவுற பொம்பள மவதானே? போ, போயி அம்மாவ என்ன வந்து பாக்கச் சொல்லு." அம்மாவின் வேலையை வைத்து அவள் வாயை அடைத்துவிட்டார். எனக்கு அந்த மேசையைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. வெளியே வந்ததும் பி.டி. சாரிடம் கத்தினேன். "நீங்க ஒரு வார்த்த பேசக் கூடாதா சார்?" அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "போன் பண்ணி நம்ம மேட்ச்ச மத்தியானத்துக்கு மாத்திக் கேக்கறேம்மா" என்றார்.

மேட்ச்சை மத்தியானத்துக்கு மாற்ற முடியாது என்று கடலூரில் சொல்லிவிட்டார்கள். போட்டி அன்றைக்குக் காலை பையில் விளையாட்டு உடுப்போடுதான் எல்லோரும் வந்திருந்தோம். எப்படியாவது விட்டுவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. நாங்கள் உள்ளே நுழைந்ததும் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். மற்ற நாளில் அந்தக் கேட்டை மூடக்கூட மாட்டார்கள்.

தேர்வு அறையில் எங்களுக்கு மேற்பார்வை பி.டி. சாரேதான். அவர் போன் ஒருமுறை அடித்தது. வராந்தாவுக்குப் போய்ப் பேசினார். "சார், சார், ஒரு பத்து நிமிசம் பாருங்க சார், பிள்ளைங்க வந்துகிட்டே இருக்காங்க" என்று அவர் கெஞ்சுவது எங்களுக்குக் கேட்டது. வந்துகொண்டிருந்த பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து நன்மைகள் ஐந்து எழுதிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தவர் எங்கள் யாரையும் பார்க்காமல் கரும்பலகைப் பக்கம் போய் நின்றுகொண்டார். மணி பத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

வினாத்தாளைத் திருப்பினேன். கடைசிக் கேள்வி இது. வார்த்தை மாறாமல் இன்றும் நினைவிருக்கிறது: கோ-கோ போட்டியில் ஓர் அணி குறித்த நேரத்தில் களத்திற்கு வராவிட்டால் நடுவர் என்ன செய்வார்?

பி.டி. சார் அதை வேண்டுமென்று வைக்கவில்லை. வினாத்தாள் தேதி தெரியும் முன்பே அச்சாகிவிட்டது, புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தார். எனக்கு அந்தத் தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறியத் தோன்றியது. கண்ணீர் வந்துவிட்டது, துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். ஆனாலும் பாருங்கள், பன்னிரண்டு வருடம் பள்ளியில் பழக்கிய கை. அது பாட்டுக்கு எழுதியது. "எதிரணி வெற்றி பெற்றதாக நடுவர் அறிவிப்பார்."

முன் பெஞ்சில் என் தோழி பேனாவை மூடினாள். எழுந்தாள். பாதி எழுதிய தாளை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். "உக்காரும்மா" என்று சார் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. கேட் பூட்டியிருந்தது. வேறு எங்கே போவாள்? வராந்தா படியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மைதானத்தில் இறங்கினாள்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் இடைவெளிதான் இருக்கும். அதற்குள் புகுந்து ஓட ஆரம்பித்தாள். இந்த வரிசையில் நுழைந்து அடுத்த வரிசையில் வெளியே வந்து, மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. யாரோ துரத்துகிற மாதிரி தோளைச் சாய்த்து, சட்டென்று நின்று, திசை மாற்றி. பச்சைப் பொம்மை, விரல் பட்டாலே நசுங்கும். அவள் தாவணி நுனியைக்கூட இழுத்துச் செருகியிருந்தாள். ஒரு பொம்மை அசையவில்லை. நாங்கள் எல்லோரும் தேர்வை விட்டுவிட்டு ஜன்னலில் தொங்கினோம். யார் முதலில் கத்தினது என்று தெரியாது, பள்ளி முழுக்க "கோ! கோ!" என்று ஒரே கூச்சல். மதில் கதவருகே கம்பெனிப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவள் அம்மாவும் அங்கேதான் நின்றார், சீவுகிற கத்தியைக் கையில் பிடித்தபடி.

தாளாளர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஏய், ஏய்! ஒடஞ்சா ஒன் ஆத்தா குடுப்பாளா?"

அவள் கடைசி வரிசையைச் சுற்றிவிட்டு அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். மூச்சு வாங்கிற்று. "ஒண்ணும் ஒடயல சார். எண்ணிப் பாத்துக்குங்க" என்றாள்.

அவர் எண்ணினார். சத்தியமாக எண்ணினார். ஒரு பெண்பிள்ளையின் வருங்காலத்தைப் பூட்டி வைத்துவிட்டு, குனிந்து ஒவ்வொரு பலகையாகப் பிள்ளையாரை எண்ணிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் அதிகாரி வந்தார். விடைத்தாள் கட்டைப் பிரிக்கவே இல்லை. டீ குடித்தார், மைதானத்தைப் பார்த்து "பொம்மை ரொம்ப நல்லா இருக்குதே" என்றார், போகும்போது அவர் வண்டியில் ஒரு கல்யாண செட்டு ஏறியது.

ஒரு வாரம் கழித்து மதிப்பெண் வந்தது. கடைசிக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண். தேர்வறையை விட்டு வெளியேறி ஒழுங்கீனமாக நடந்துகொண்டதற்காக அவளுக்குச் சுழியம் போடச் சொன்னார் தாளாளர், பி.டி. சார் போட்டார். எங்கள் பள்ளியிலேயே வேகமாக ஓடியவள்தான் அந்த வருடம் உடற்கல்வியில் தேறாத ஒரே ஆள். கல்லூரிக்குப் போய் அந்த மேடத்தைப் பார்த்தோம். அவர் வருத்தப்பட்டார், சர்ட்டிபிகேட்டு இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பிளஸ் டூ முடித்தவளுக்கு அடுத்த வருடப் போட்டி என்று ஒன்று கிடையாது.

ஜூன் மாதம் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு சீவ ஆரம்பித்தாள். அந்த ஆடியில் மைதானத்தை அடைத்துக்கொண்டு காய்ந்த பொம்மைகள் அவள் சீவியவை.