புதுத் துணி எப்போது பழசாகும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் கொஞ்ச நேரம் போக்குவரத்து நின்றது. காரணம் — அடியேன்.

கூடத்தில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நான் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். மறுமுனையோடு என் மனைவி வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு கேட் வரை போயிருந்தாள். நடுவே இருபது மீட்டருக்கு ஒரே துணி ரிப்பன். சிவப்பு, வெள்ளை, பூப்போட்டது, கட்டம் போட்டது...

ஆட்டோக்காரர் ஒருவர் பிரேக் போட்டுத் தலையை நீட்டினார். "இன்னா சார், தெறப்பு விழாவா? கத்திரிக்கோல் யாருகிட்ட இருக்குது?"

விஷயம் இதுதான். என் மனைவி ஆன்லைனில் ஒரு துணிச் சுருள் வாங்கியிருந்தாள். கையகலம்கூட இல்லாத பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம். ஒரே அளவில் வெட்டி, அழகாகச் சுருட்டி அனுப்பியிருந்தார்கள். ஒட்டுப் போர்வை தைப்பதற்காம்.

எனக்குப் புரியவில்லை. ஒட்டுப் போடுவது என்றால் மிஞ்சியது, கிழிந்தது, டெய்லர் கடையில் கழித்துப் போட்டது — இவற்றை வைத்துத்தானே? ஒட்டுப் போடுவதற்கென்றே புத்தம்புதுத் துணியை வெட்டி விற்பார்களா? விற்கிறார்கள். வாங்கவும் நம் வீட்டில் ஆள் இருக்கிறது.

வாங்கினாளே தவிர, அவள் பிரிக்கவில்லை. நான்தான் வீடியோ பார்த்து மாட்டிக்கொண்டேன். பட்டைகளை எல்லாம் முனையோடு முனை தைத்து நீளமான ஒரே ரிப்பனாக்க வேண்டும். இரண்டாக மடித்து, நீளவாக்கில் தைத்து, மடிப்பை வெட்டிவிட்டால் அகலம் இரண்டு மடங்கு. மறுபடி மடிக்க, மறுபடி தைக்க... நாலாவது முறை முடிந்ததும் ஒரு குழந்தைப் போர்வை கையில் இருக்கும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வரும் என்பது தைக்கிறவருக்கே கடைசிவரை தெரியாது!

இதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா?

ரிப்பனில் முறுக்கு விழுந்தால் எல்லாம் பாழ் என்று வீடியோவில் பயமுறுத்தினார்கள். அதனால்தான் தெருமறியல்.

நான் தைக்க உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிங்கவரத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை செல்விக்கு, ரொம்ப வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்திருந்தது. இதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போனது. தாய்மாமன் என்று நான் போய் நிற்கும்போது கையில் நானே செய்த ஒன்று இருக்க வேண்டாமா?

அடிப்பக்கத்துக்கு பஜாரில் காடாத் துணி வாங்கி, வைத்துத் தைத்து முடித்தேன். கோணல்தான். இரண்டு மஞ்சள் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. இருந்தாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டூவீலரை எடுத்துக்கொண்டு சிங்கவரம் போனேன். செல்வி போர்வையைத் தடவிப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"எல்லாம் புதுத் துணியாண்ணா?"

"பின்னே? புத்தம்புதுசு!"

சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். "பாப்பாவுக்கு வேணாம்ணா. எடுத்துட்டுப் போயிடு."

குழந்தையைப் பார்த்தேன். நைந்த நூல் சேலைத் துண்டில் சுருண்டு கிடந்தது. அவள் மாமியாரின் சேலை. ஓகோ, பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி ஆகாது என்ற பழைய வழக்கம்! மாமியார்தான் கறாராக இருக்கிறார் போல என்று அவரைப் பார்த்தேன். அவரோ முழித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, நானே ஒண்ணும் சொல்லலியே! ஓரத்துல மஞ்சள் தடவிட்டுப் போட வேண்டியதுதான?"

"வேணாம் அத்தை."

செல்வி கம்ப்யூட்டர் டீச்சர். சகுனம் பார்க்கிறவர்களை முகத்துக்கு நேரே கேலி செய்கிறவள். பூனை குறுக்கே போனால், 'அதுக்கும் வேலை இருக்காதா?' என்பாள். அவளா இது? கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே மெதுவாகச் சொன்னாள்.

"மொத தடவை, நாலாம் மாசமே ஒரு கவுன் வாங்கி பீரோவுல வெச்சிட்டேன்ணா. புதுசு. மஞ்சக் கலரு..."

கவுன் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது.

போர்வையோடு திரும்பினேன். வழியெல்லாம் ஒரே கேள்வி — சரி, புதுத் துணி எப்போதுதான் பழசாகும்?

இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டேன். "ரெண்டு தண்ணி பாக்கணும் சார்" என்றார். காடாத் துணி கொடுத்த கடைக்காரரிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "பில்லு போட்டுட்டா பழசு சார். திருப்பி எடுத்துக்க மாட்டோம்."

இஸ்திரிக்காரர் பேச்சைக் கேட்டுத் துவைத்தேன். முதல் தண்ணியிலேயே சிவப்புப் பட்டை சாயம் விட்டு, வெள்ளைப் பட்டைகள் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டன. "இனிமே இத யாரும் புதுசுன்னு சொல்ல மாட்டாங்க" என்றாள் மனைவி. ஆறுதலாம்.

மறுபடி சிங்கவரம். செல்வி அந்த ரோஸைப் பார்த்துச் சிரித்தேவிட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல யாரு படுத்தாங்க?"

"யாரும் படுக்கல."

"யாருமே படுக்காம எப்படிண்ணா பழசாவும்?" கொஞ்ச நேரம் போர்வையைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தாள். "வெச்சிட்டுப் போ. நானே படுத்துக்கறேன்."

அது குழந்தை அளவுப் போர்வை. அவளுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரைதான் வரும். இருந்தும் அதை விரித்து, அதன்மேல் படுத்து, குழந்தையைப் பழைய சேலையோடு பக்கத்தில் போட்டுக்கொண்டாள். நான் கிளம்பி வந்தேன்.

போன வாரம் அவள் மாமியார் போன் செய்தார். "தம்பி, உன் போர்வ பழசாயிடுச்சு. வந்து பாரு."

போனேன். போர்வை முழுக்கப் பால் வாடை. ஓரத்தில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. நட்ட நடுவில், அந்த இரண்டு மஞ்சள் பட்டைகளின் மேல், என் மருமகள் கையைக் காலை உதறிக்கொண்டு கிடந்தாள். எப்போது மாற்றிப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும் ஜாதி நான்... ஆனாலும் கேட்கவில்லை.

கிளம்பி வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது வாசலுக்கு வந்தாள்.

"அண்ணா, அடுத்த தடவ வரும்போது பாப்பாவுக்கு ஒரு கவுன் வாங்கிட்டு வரியா?"

"புதுசா, பழசா?" என்றேன் ஜாக்கிரதையாக.

"புதுசுதான். ரெண்டு சைஸ் பெருசாவே வாங்குண்ணா... வளருவா இல்ல?"