நாற்பத்தொன்றாவது விளக்கு

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் கோயில் மண்டபத்தில் விளக்கேற்றினார்கள். கடல் தாண்டி, என்றோ முடிந்துபோன போரில் செத்தவர்களுக்காக. ஏற்பாடு செய்த வீரர்களில் ஒருவனும் கைபேசியைவிடக் கனமான ஆயுதத்தைத் தூக்கியதில்லை. ஆளுக்கொரு விளக்கு. பெயரும் நட்சத்திரமும் முகவரியும் எழுதிய சீட்டு ஒன்று; சீட்டில்லாமல் எங்கள் ஐயர் மணியடிக்க மாட்டார்.

மூன்றாவது வாரம் மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள், ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் தமிழர். அந்தப் போரை நடத்திய இயக்கத்துக்கு இங்கே யாரோ மறுபடி உயிர் கொடுக்கிறார்களாம். குண்டு வைக்கிறவனைப் பிடிக்க மூளை வேண்டும், பொறுமை வேண்டும். விளக்கு வைத்தவனைப் பிடிக்க லிஸ்ட் போதும்.

கோயில் தலைவர் செருப்புகூட மாட்டாமல் ஓடி வந்தார். சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டத்துக்காகக் காத்திருக்கிறவர்.

"போஸ், ஒரு போன் கோல் அடிச்சிருந்தா லிஸ்ட்ட நானே கொண்டாந்து குடுத்திருப்பேனே லா! நம்ம செக்ரட்டரி யுனிவர்சிட்டி பையன். மலாய்ல டக்குனு டைப் பண்ணிருவான்."

எங்கள் வீட்டில் பள்ளியின் மூன்றாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தத் தகுதிக்குக் கிடைத்ததுதான் இந்தச் செயலாளர் பதவி.

சீட்டுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். பன்னிரண்டாவது சீட்டு அக்கா வீட்டுக்காரருடையது. லோரி ஓட்டுபவர். கூட்டாளி விளக்கேற்றக் கூப்பிட்டான், போனார், அவ்வளவுதான். பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போட்டால் ஜாமீன் கிடையாது. அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். சீட்டைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டுப் பதின்மூன்றுக்குப் போனேன்.

தமிழ் போலீஸ்காரர் முகநூலில் யாரோ போட்ட படத்தைப் பெரிதாக்கி, விரல் வைத்து எண்ணினார்.

"தம்பி, படத்துல நாப்பத்தொரு விளக்கு எரியுது. உன் லிஸ்ட்ல நாப்பது பேருதான் இருக்கு."

"ஒண்ணு கோயில் விளக்கு, அண்ணே. எப்பவும் எரியும்."

"சாமிக்கா?"

"சாமிக்கு."

"சாமிய ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது லா," என்றவர், அதையே மலாய்க்காரருக்கும் மொழிபெயர்த்தார். இருவரும் சிரித்தார்கள். தலைவர் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

இதுதான் நாட்டைக் காக்கும் உளவு. விளக்கை எண்ணித் தீவிரவாதியைப் பிடிப்பது. கணக்கில் ஒன்று இடித்தால் சாமி தலையில் கட்டுவது.

நாற்பது பேரையும் கூப்பிட்டார்கள். முப்பத்தொன்பது பேர் அரைநாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள். பூச்சோங்கில் ஏர்கோன் பழுதுபார்க்கும் ஒருவர் மட்டும் திரும்பவில்லை. அவர் கைபேசியில் யாரோ அனுப்பிய இயக்கக் கொடிப் படம் ஒன்று இருந்ததாம். அதே கைபேசியில் காலை வணக்கப் படங்கள் ஆயிரம் இருந்திருக்கும். அவற்றைப் பற்றி விசாரணை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மனைவி கோயில் ஆபீசுக்கு வந்தார். அக்கா வீட்டுக்காரர் வழக்கம்போல டெங்கிலுக்கு லோரி ஓட்டிப் போயிருந்தார்.

"தம்பி, நீங்கதான் மலாய்ல நல்லா எழுதுவீங்களாம். அமைச்சருக்கு ஒரு லெட்டர் போட்டுக் குடுங்க. ஆமா, அந்த லிஸ்ட்ட எவன் குடுத்தான்?"

"தலைவர்," என்றேன்.

அவர் தலைவரின் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டினார். நான் தலையாட்டிக்கொண்டே எழுதினேன். பிறகு படித்துக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்: மாண்புமிகு, தாழ்மையுடன், தங்கள் கருணையை நாடி.

"நல்லா மரியாதையா எழுதியிருக்கீங்க," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "என் வீட்டுக்காரரப் புடிச்சு வச்சிருக்கிறவனுங்களுக்கு இவ்ளோ மரியாதை எதுக்கு தம்பி?"