கண்ணைச் சிமிட்டச் சொன்ன கடன்

ஒரு காலையில் என் கடையின் ஷட்டரைத் தூக்க முடியவில்லை. பூட்டைத் திறந்துவிட்டேன். குனிந்து பிடியையும் பிடித்துவிட்டேன். அதற்குமேல் கைகள் எனக்காக எதுவும் செய்யவில்லை. பக்கத்துப் பழக்கடைக்காரர் வந்து தூக்கிவிட்டார்.

"காச்சல் விட்ட ஒடம்பு. நல்லா திங்கணும் மக்கா," என்றார்.

அதற்கு முந்தைய வாரம் எனக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து போயிருந்தன. அந்தக் களைப்பு என்றுதான் நானும் நினைத்தேன். பாதங்கள் மரத்துக் கிடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

புதுக்கடைச் சந்திப்பில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அன்று மதியம் ஸ்டூலிலிருந்து எழ முடியாமல் போயிற்று. என் மனைவி ஜெயந்தியும் அவளுடைய தம்பி அனீஷும் வாடகைக் காரில் நாகர்கோவிலுக்கு, ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர் சின்ன சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. மறுபடி தட்டினார். பிறகு சுத்தியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜெயந்தியைப் பார்த்தார்.

கில்லன் பாரே நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குவது, பெரும்பாலும் காலில் தொடங்கி மேல்நோக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்) என்றார். "பெரும்பாலானவங்க எந்திரிச்சு நடந்துருவாங்க. ஆனா இது இன்னும் மேல ஏறும். மூச்சு விடுற தசைக்கு வந்துட்டா வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) வைக்கணும். மருந்தைத் தள்ளிப் போடக் கூடாது."

மருந்தின் பெயர் இம்யூனோகுளோபுலின் (பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்). தொடர்ந்து சில நாட்கள் ரத்தக்குழாய் வழியே ஏற்ற வேண்டும். மொத்தச் செலவை அவர் சொன்னபோது ஜெயந்தி இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அவளுக்கு முதல் முறையே கேட்டிருந்தது.

எங்களிடம் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. கடைக் கணக்கில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. ஆனால் அதை எடுப்பதற்கான ரகசிய எண் என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். விடிந்தபோது ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க மூச்சு போதவில்லை. தொண்டைக்குள் குழாயை இறக்கினார்கள். கையில் இருந்ததும் அக்கம்பக்கத்தில் வாங்கியதும் அறைக்கும் கருவிக்கும் முன்பணமாகப் போயின. மருந்து இன்னும் வரவில்லை.

இந்த நோயில் அறிவு மங்குவதில்லை. இதை வெளியே நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு எல்லாம் கேட்டது. விழிகளை உருட்ட முடிந்தது, இமைகளை மெதுவாக மூடித் திறக்க முடிந்தது. கழுத்துக்குக் கீழே வலி மட்டும்தான் என்னுடையதாக இருந்தது. கட்டிலைச் சுற்றி நின்று, நான் அங்கே இல்லாததுபோல் எல்லோரும் பணத்தைப் பற்றிப் பேசினார்கள். வாசலில் ஒருவன் வட்டிக்குத் தருவதாக விசிட்டிங் கார்டு நீட்டினானாம். தெரிந்த ஒருவர் நகையை விற்றுவிடச் சொன்னாராம்.

குழாய் இறக்கிய அதே காலையில் அனீஷ் மட்டும் உள்ளே வந்தான். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஐஸ் வண்டி ஓட்டுபவன். இருபத்தைந்து வயது. அவ்வளவு பயந்த முகத்தை அவனிடம் நான் பார்த்ததில்லை. நண்பர்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். ஐ.சி.யூ.வுக்குள் போன் கொண்டுவரக் கூடாது. அவன் என் போனைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தான்.

"அத்தான், போன்ல கடன் தர்ற ஆப்பு ஒண்ணு இருக்கு. அரமணிக்கூருல பைசா வந்து விழுமாம். எனக்குத் தர மாட்டேங்கு. உங்க பேருக்குத் தரும்," என்றான்.

என் வலது பெருவிரலைத் தூக்கிப் போனில் வைத்தான். என் விரலை ஒருவர் தூக்குகிறார் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வியர்வையில் ரேகை பதியவில்லை. தன் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். போன் திறந்தது. அவன் வேகமாக எதையெல்லாமோ அழுத்தினான். ஒவ்வோர் அழுத்தலும் எதற்கு அனுமதி கொடுக்கிறது என்று எனக்குத் தெரியும். தொடர்பு எண்கள், படங்கள், செய்திகள். அதில் என் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரின் எண்களும் இருந்தன.

அந்த மாதிரிச் செயலிகளை நான் பல போன்களிலிருந்து அழித்திருக்கிறேன். ஒருமுறை தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு பெண் என் கடைக்கு வந்தாள். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் எடுத்து, எடுத்ததைவிட அதிகமாகக் கட்டிவிட்டாள். அதன் பிறகும் அவள் படத்தை அசிங்கமாக மாற்றி, போனில் இருந்த எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். கணவரோடு வேலை செய்பவர்களுக்கும் போயிருந்தது. போனை என் மேசையில் வைத்து, "இதுக்குள்ளேருந்து என்னைய எடுத்துப் போடுங்க," என்றாள். செயலியை அழித்தேன். அவளை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அனீஷ் போனை என் முகத்துக்கு மேலே பிடித்தான். திரையில் ஒரு வட்டம். அதற்குள் குழாயும் பிளாஸ்திரியுமாக ஒரு முகம். அது என்னுடையது என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. போனிலிருந்து ஒரு பெண் குரல், "உங்கள் கண்களைச் சிமிட்டவும்," என்றது. கடன் கேட்பது உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கும் சோதனை அது.

"ஒருக்கா மூடித் தொறங்க அத்தான். அது போதும்."

நான் கண்களை மூடினேன். திறக்கவில்லை.

என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். இமைகளை இறுக்கி வைத்துக்கொள்ளத் தசையில் வலுவில்லை. அவை தானாகத் திறந்துவிடுமோ என்ற பயம் இன்றும் நினைவிருக்கிறது. பக்கத்தில் இருந்த கருவி கூவத் தொடங்கியது. என் இதயத் துடிப்பு ஏறியிருக்க வேண்டும்.

"கண்ணத் தொறங்க அத்தான். உங்களுக்கு மருந்து வாங்கத்தானே கேக்கேன். தொறங்க," என்று அனீஷ் அழத் தொடங்கினான். செவிலியர் ஓடிவந்து போனைப் பார்த்துவிட்டு அவனை வெளியே அனுப்பினார். சத்தம் கேட்டு ஜெயந்தி உள்ளே வந்தாள்.

அவள் யாரையும் திட்டவில்லை. குனிந்து என் காதருகே பேசினாள். "நான் கேக்கது கேக்குதா? ஆமாண்ணா ஒருக்கா மூடுங்க. இல்லண்ணா ரெண்டு மட்டம்."

ஒரு முறை மூடினேன்.

"வலி கூடிட்டா?" இல்லை. "மூச்சு முட்டுதா?" இல்லை. "பைசாக் காரியமா?" ஆமாம். "அனீஷு சொன்ன ஆப்பா?" ஆமாம். "வேண்டாமா?" ஆமாம். ஆமாம் என்பதற்கு ஒரு முறை மூடினால் போதும் என்பதை மறந்து மூடி மூடித் திறந்தேன். அவள் என் நெற்றியில் கை வைத்தாள்.

"வெளங்கிட்டு. இனி நான் பாத்துக்கிடுதேன்."

அதன் பிறகு வெளியே நடந்ததை அவள் சொல்லித்தான் அறிவேன். அனீஷிடம் சொல்லி அந்தச் செயலியை அப்படியே நிறுத்தி அழிக்கவைத்தாள். பிறகு மருத்துவரிடம் போய், முந்தைய நாள் எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றாத ஒன்றைக் கேட்டாள். "மொத்தம் எவ்வளவுன்னு சொன்னிய டாக்டர். இன்னைக்கு எவ்வளவு வேணும்?"

முதல் நாளுக்கான குப்பிகளுக்கு மட்டும் பணம் கட்டினால் மருந்தைத் தொடங்கிவிடலாம் என்றார் அவர். மலைபோல் நின்ற தொகை, அவள் கையில் கிடந்த வளையல்களின் அளவுக்கு இறங்கி வந்தது. அவள் புதுக்கடைக்குப் பஸ் ஏறினாள். வளையல்களை விற்கவில்லை. எங்கள் பகுதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்தாள். அங்கே அவளுக்கு உறுப்பினர் கணக்கு இருந்தது. உரசிப் பார்த்து, எடை போட்டு, ரசீது கொடுத்தார்கள். பணம் அவள் கணக்குக்கே வந்தது. வட்டி என்ன, எப்போது திருப்ப வேண்டும் என்பது அந்த ரசீதிலேயே இருந்தது. அனீஷ் தன் முதலாளியிடம் போய் நின்றான். நண்பர்களிடம் கேட்டவனுக்கு அவரிடம் கேட்க வெட்கமாக இருந்திருக்கிறது. மீன் வியாபாரியான அந்தப் பெரியவர், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் கொடுத்தாராம். "இத ராவிலயே கேட்டிருக்கலாமேடே," என்று மட்டும் சொன்னாராம்.

சாயங்காலத்துக்குள் முதல் குப்பி என் தலைக்கு மேலே தொங்கியது. அடுத்த பார்வை நேரத்தில் ஜெயந்தி தனியாக வந்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, கடைக் கணக்கின் ரகசிய எண்ணுக்காக, சைபரிலிருந்து ஒவ்வோர் எண்ணாக என் காதில் சொன்னாள். சரியான எண் வந்தபோது கண்ணை மூடினேன். அவள் எதிலும் குறித்துக்கொள்ளவில்லை. உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு போனாள். பன்னிரண்டு வருடத் திருமண வாழ்க்கையில் நான் அவளிடம் சொன்ன மிக நீளமான ரகசியம் அதுதான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

கடன் வரவில்லை, ஆனால் அழைப்புகள் வந்தன. செயலியை அழிக்கும் முன்பே என் போனில் இருந்த எண்களும் அது எடுத்த படமும் அவர்கள் கைக்குப் போய்விட்டிருந்தன. யாரென்று தெரியாத குரல்கள், நான் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றுவதாக ஒவ்வொருவரிடமும் சொல்லின. பூதப்பாண்டியில் இருக்கும் என் அக்கா சரோஜாவுக்கும் ஓர் அழைப்பு போயிற்று. "உங்க தம்பி பணத்தோட ஓடிப்போயிட்டான். எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றிருக்கிறான்.

"ஓடுனானா? எம் தம்பி ஓடுனானா?" என்று அக்கா கேட்டாளாம். "எந்தப் பக்கமா ஓடுனான்? சொல்லுடே, நான் போய்ப் பாக்கணும்." அவன் வைத்துவிட்டான். அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதிருக்கிறாள்.

கண்ணை மூடிக்கொண்டு குழாயோடு கிடக்கும் என் படம், மேலே 'மோசடிக்காரன்' என்ற எழுத்தோடு பலருக்குப் போயிருக்கிறது. ஜெயந்தியும் அனீஷும் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தார்கள். யாரும் பயந்து பணம் கட்ட வேண்டாம் என்று எல்லா எண்களுக்கும் செய்தி அனுப்பினார்கள். பெரும்பாலானவர்கள் புரிந்துகொண்டார்கள். ஒருசிலர் பழுது பார்க்கக் கொடுத்த போன்களைத் திரும்ப வாங்கிப் போனார்கள். அந்தப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஜெயந்தி பார்த்திருக்கிறாள்.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே, அரசு மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா என்று ஜெயந்தி மருத்துவரிடம் நேராகக் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. அங்கே பேசிப் பார்த்து, கருவியோடு படுக்கை கிடைத்ததும் ஆம்புலன்ஸில் அனுப்பிவைத்தார். அதுவரை எங்கள் நினைவுக்கே வராத அரசுக் காப்பீட்டு அட்டை அங்கே ஏற்கப்பட்டது. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் எங்களுக்கும் அமைந்திருக்காது.

இதை ஏதாவது ஒரு மருத்துவமனையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். காப்பீட்டு மேசை எங்கே என்று முதலிலேயே கேளுங்கள். நகை இருந்தால் ரசீது தரும் இடத்தில் அடகு வையுங்கள். முகம் தெரிந்தவர்களிடம் கேட்கும் வெட்கம் ஒரு நாளில் போய்விடும். முகம் தெரியாதவனிடம் போனைத் திறந்துகொடுத்தால் வரும் அவமானம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. கடைக் கணக்கை இப்போது இருவர் பெயரிலும் மாற்றிவிட்டோம்.

குணமாவது, நோய் வந்த வேகத்தில் நடப்பதில்லை. முதலில் தோள் அசைந்தது. நாட்கள் நீண்டதால் பிறகு கழுத்தில் துளையிட்டு வைத்திருந்த குழாயை எடுத்ததும், வந்த குரல் யாருடையதோபோல் இருந்தது. நரம்பு மிக மிக மெதுவாகத்தான் வளரும் என்றார் பிசியோதெரபி (இயன்முறைச் சிகிச்சை) கொடுத்த பெண். "கால் என்ன சொல்லுதுன்னு காத்திருந்து கேளுங்க. நீங்க சொன்னா அது இப்போ கேக்காது."

இப்போது அரை நாள் கடை திறக்கிறேன். மதியத்துக்குள் என் உடம்புக்குச் சாயங்காலம் ஆகிவிடுகிறது. ஊன்றுகோல் இல்லாமல் கொஞ்ச தூரம் நடப்பேன். கணுக்காலுக்குக் கீழே இன்னும் உணர்வு வரவில்லை. அங்கே இருப்பது என்னைத் தாங்குகிறது, ஆனால் என்னோடு பேசுவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனீஷ் எங்களைத் தேங்காய்ப்பட்டணத்துக்குக் கூட்டிப்போனான். ஆறு கடலில் சேரும் இடத்தில் அவன் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, ஜெயந்தி மறுகையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீருக்குள் இறங்கினோம்.

"குளிருதா?" என்றாள் ஜெயந்தி.

"தெரியல்ல," என்றேன். குனிந்து பார்த்தேன். தண்ணீர் என் பாதங்களின் மேல் போய்க்கொண்டிருந்தது. வேறு யாருடைய கால்களையோ அது நனைப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் இருவரும் அவசரப்படுத்தவில்லை. கடலிலிருந்து ஓர் அலை உள்ளே ஏறி வந்தது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டி மெதுவாக மேலே வந்தது.

"இப்போ குளிருது," என்றேன்.