பீரோ சாவி

எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் முதலில் ஜேசுதாசன் வீட்டுப் படிதான் ஏறுவார்கள். ராஜபாளையத்து மில் ஒன்றில் கிளார்க்காக இருந்துவிட்டு, ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப் ஆபீசில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். ஊறுகாயை எந்தப் பெட்டியில் வைப்பது, ஏர்போர்ட்டில் எவ்வளவு பேசுவது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொல்வார்: "பாஸ்போர்ட்ட எவன் கேட்டாலும் குடுக்காத." ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மனுஷன் பேச்சை மாற்றியிருப்பார். மேலதிகாரி இருமினாலே எழுந்து நிற்கிற சுபாவம் அவருக்கு.

அந்தப் பயத்தால்தான் தொண்ணூற்று நாலில் அது நடந்தது. இதைப் பிறகு அவர் வாயாலேயே நான் கேட்டேன். கேம்பில் இருந்த அத்தனை பேர் பாஸ்போர்ட்டும் ஆபீஸ் பீரோவுக்குள் பூட்டியிருக்கும். வன்னியம்பட்டியிலிருந்து கம்பி கட்டும் வேலைக்குப் போயிருந்த தங்கச்சாமிக்கு, மனைவிக்கு ரொம்ப முடியவில்லை, உடனே கிளம்பி வா என்று தந்தி வந்தது. கூட இருந்தவர்கள் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். மேனேஜர் லீவில் இருந்தார். ஆபீஸ் வாசலில் நின்று தங்கச்சாமி அழுதபோது ஜேசுதாசன், "சாவி மேனேஜர்ட்டலா இருக்கு, அவர் வரட்டும்லே" என்று தோளைத் தட்டினார். சாவி ஜேசுதாசனின் பேண்ட் பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் வேலை போய்விடும் என்று பயம். மேனேஜர் வரப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பெண் ஒன்பதாம் நாளே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் தங்கச்சாமி அவரை நம்பியதுதான் கொடுமை. கஷ்டத்தில் ஆறுதல் சொன்ன அண்ணாச்சி என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தோட்டத்துத் தேங்காயோடு வந்து நிற்பார். அந்தத் தேங்காயில் அரைத்த சட்னி ஜேசுதாசனுக்குத் தொண்டையில் இறங்காது. இந்த வருஷம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். மழை உண்டா, மா காய்த்ததா என்று கேட்டு அனுப்பிவிடுவார்.

போன மாதம் அவர் பேரன் பெனினுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் வழியனுப்பு ஜெபம் வைத்தார்கள். பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் பெரியவர்கள் ஆளுக்கொரு புத்தி சொல்வது எங்கள் வழக்கம். தங்கச்சாமியும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்து பின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேளைக்குச் சாப்பிடு, சர்ச்சுக்குப் போ, கண்டவனோடு சேராதே என்று ஆளாளுக்குச் சொன்னோம். கடைசியில் தாத்தாவின் முறை வந்தது.

"பாஸ்போர்ட்ட எவன் கேட்டாலும் குடுக்காதலே," என்றார் ஜேசுதாசன். "எவன் கேட்டாலும்."

பெனின் சிரித்தான். "என்கிட்ட யாரு தாத்தா கேக்கப் போறா? நான் கேம்ப் ஆபீஸ் அட்மின். லேபர் பாஸ்போர்ட் பூராவும் என் லாக்கர்லதான் இருக்குமாம். மேனேஜர் சொல்லாம யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு இப்பவே மெயில் போட்டுட்டாங்க."

தாத்தா உத்தியோகம் பேரனுக்கு வந்துவிட்டது என்றார் பாஸ்டர். எல்லோரும் சிரித்தோம். ஜேசுதாசனுக்குச் சிரிப்பு வரவில்லை. பறிகொடுக்கிறவனுக்கான புத்தியை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, வாங்கிப் பூட்டுகிறவனைத் தன் வீட்டிலேயே வளர்த்து வைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்ததாம். இப்போது வாயை மூடிக்கொண்டால் பையனும் நாளைக்கு ஒருவனிடம் இதே பொய்யைச் சொல்வான். வாயைத் திறந்தால் எதிரே தங்கச்சாமி.

"அந்த வேலையத்தாம்யா நானும் பாத்தேன்," என்றார். "இந்தா இருக்கான்லா தங்கச்சாமி, இவன் பொஞ்சாதி சாகக் கெடக்கையில இவன் பாஸ்போர்ட்ட நான் குடுக்கல. சாவி மேனேஜர்ட்ட இல்ல. என் பைக்குள்ளதான் இருந்துச்சு. நீ அப்பிடிச் செஞ்சுறாதய்யா."

ஜேசுதாசன் தலை நிமிரவேயில்லை. நாலு பேர் முன்னால் அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்.

தங்கச்சாமி எழுந்து முன்னால் வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தவர் மாதிரி இருந்தார்.

"நான் இம்புட்டு வருசமும் அந்த மேனேஜரத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. சாவிய வச்சிருந்தவன் புள்ளகுட்டி வெளங்கக் கூடாதுன்னு ஆண்டாள் சன்னதில நின்னு எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன்."

பெனினை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவன் தலையில் கையை வைத்தார்.

"நீ தைரியமாப் போயிட்டு வாய்யா. இப்பவே பஸ் ஏறினா நட சாத்துமுன்ன போயி, அங்க சொன்னதத் திருப்பி வாங்கிருவேன்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.