முடிந்த போரின் இரகசியம்

பாரிசில், தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தேநீர்க் கடை. ஐந்து மேசைகள், மூன்று ஆடுகின்றன. ஆடாத ஒரு மேசையில் என் எதிரே இருப்பவர், ஈழப் போரில் இயக்கத்துக்காக வோக்கிடோக்கியில் இரகசியக் குறியீட்டுச் செய்திகள் அனுப்பியவர். அவருடைய அகதி விண்ணப்பத்தைப் பிரெஞ்சு அதிகாரிகள் நிராகரித்துவிட்டார்கள். நாளை மேல்முறையீட்டு விசாரணை; அதற்கு அவரைத் தயார்படுத்த வந்திருக்கிறேன். தோற்றால் இலங்கைக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

"ஏன் நிராகரிச்சாங்க, தம்பி?"

"நான் அந்த வேலை செய்ததை நம்பேல்லை, ஐயா. குறியீட்டிலை நாலு சொல்லுச் சொல்லு எண்டு கேட்டினம். நான் சொல்லேல்லை."

"ஏன்?"

"மொழிபெயர்க்க வந்தவர் தமிழர். ஆர் எவர் எண்டு தெரியாமல் அவருக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது?"

"ராணுவத்துக்கே தெரியாதா என்ன?"

"ஓம், தெரியும். கடைசியிலை ஆமிக்காரர் எங்கட குறியீட்டிலையே எங்களுக்குப் பகிடி விட்டுச் சிரிச்சவங்கள்."

ஆக, எதிரிக்குத் தெரிந்ததை, போர் முடிந்த பிறகும், அடைக்கலம் தர வேண்டியவர்களிடமிருந்து மட்டும் வெற்றிகரமாகக் காப்பாற்றியிருக்கிறார். பதக்கமே தரலாம்.

"நாளைக்காவது சொல்லிடுங்க. இப்ப எங்கிட்ட ஒண்ணு சொல்லிப் பழகுங்க."

கடையைச் சுற்றிப் பார்க்கிறார். நானும் எண்ணுகிறேன், ஆறு பேர், எல்லோரும் தமிழர்.

"இஞ்சை வேண்டாம், ஐயா," என்று கிசுகிசுக்கிறார். "நாளைக்கு அங்கை பாப்பம்."

நாளை மொழிபெயர்க்க வருகிறவரும் தமிழர்தான்.