தடை தாண்டும் அன்ரி

ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், எங்கள் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் ஒரு நாட்டின் ஓட்டக்காரி குடியிருந்தார். அது கரிபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. பள்ளிக்கூட உலகப்படத்தில் விரலை வைத்தால் மறைந்துவிடும். அந்தத் தீவுக்காக அவர் தேசம் தேசமாகப் போய் நூறு மீற்றர் ஓடினார், தடை தாண்டினார். மற்ற நாட்களில் இங்கே பயிற்சி. அம்மா அப்படிக் கூப்பிடச் சொன்னதால் எனக்கு அவர் அன்ரி.

அம்மாவுக்குப் பக்டரியில் பின்னேர வேலை. அப்பா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு, யார் தட்டினாலும் திறக்காமல் இருப்பதுதான் என் கடமை. பேச ஆளில்லாமல், ரீவியில் செய்தி வாசிப்பவருக்கு நான் "ஓம், ஓம்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அன்ரி ஊரில் நிற்கும் நாட்களில் மட்டும் அவரிடம் போக அனுமதி உண்டு. அவர் நடைவழியில் சப்பாத்துப் பெட்டிகளை வரிசையாக வைத்து என்னைத் தாண்டச் சொல்வார். நான் தாண்டியதைவிட மிதித்ததுதான் அதிகம். அவரோ முகத்தில் சிரிப்பே காட்டாமல், புதிய சாதனை என்று அறிவிப்பார்.

ஒருமுறை போட்டிக்குப் புறப்படும்போது, ஆங்கிலத்தில் "போகிறேன்" என்று சொல்லிவிட்டார். அம்மா பதறிப்போனார்.

"போறன் எண்டு சொல்லக்கூடாது எண்டு அன்ரிக்குச் சொல்லு. போயிட்டு வாறன் எண்டுதான் சொல்லோணும்."

நான் மொழிபெயர்த்தேன். ஏன் என்று கேட்டார். அப்படிச் சொன்னால்தான் திரும்பி வரலாம் என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் லிஃப்ட் வாசலில் நின்று, "போயிட்டு வாறன்" என்று அம்மா மாதிரியே இழுத்துச் சொல்வார். எனக்கு ஏதாவதொரு ஹோட்டல் குளியலறைச் சவர்க்காரத்தோடு ஒவ்வொரு முறையும் திரும்பியும் வந்தார். அந்த வார்த்தையின் சக்தியில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஒரு கோடையில் பெரிய போட்டியொன்றை ரீவியில் காட்டினார்கள். அன்ரிக்கு ஓரத்துப் பாதை. கமராவுக்கு நடுவில் ஓடியவர்களில்தான் கண். கடைசித் தடையருகே ஓரத்தில் ஏதோ சரிந்தது. பிறகு வென்றவரின் முகத்தையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான் எழுந்துபோய் ரீவிப் பெட்டியின் பக்கவாட்டில்கூட எட்டிப் பார்த்தேன்.

அன்ரி ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். மரங்கள் இலை கொட்டி முடிக்கும்வரை காலை சோபாவில் நீட்டியபடி இருந்தார். ஒருநாள் பார்த்தால், சப்பாத்துப் பெட்டிகளுக்குள் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த போட்டி வந்துவிட்டது என்று நினைத்தேன். தான் ஓடும்போது போடும் முள் சப்பாத்துகளை என் மடியில் வைத்து, "இது உனக்கு" என்றார். வரும்வரை கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் அடுத்த பெட்டியை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

புறப்பட்ட அன்று அம்மா வேலையில். பெரிய சூட்கேசை லிஃப்டுக்குள் இழுத்து வைத்துவிட்டு, "போகிறேன், டார்லிங்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் சட்டென்று கதவுக்கு நடுவே காலை வைத்தேன்.

"அன்ரி, சரியாச் சொல்லுங்கோ."

கதவு என் காலில் முட்டித் திறந்தது. மறுபடியும் வந்து முட்டியது. அவர் என்னைப் பார்க்காமல், மேலே மாடி எண்கள் எரியும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நூறு மீற்றரை மூச்சு விடுவதற்குள் ஓடி முடிப்பவருக்கு இரண்டே சொல்லைச் சொல்ல ஏன் இவ்வளவு நேரம் என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. கடைசியில் சொன்னார். இந்த முறை இழுக்கவில்லை, மெதுவாகச் சொன்னார். எனக்கு அது போதும். காலை எடுத்தேன்.

அந்தப் பனிக்காலம் முழுக்க, லிஃப்ட் மணி கேட்டபோதெல்லாம், யாருக்கும் திறக்கக்கூடாத கதவைத் திறந்துகொண்டு முள் சப்பாத்துகளோடு வெளியே ஓடினேன்.