ரப்பருக்குத் தப்பிய முகம்

மேசை விசிறியைப் போட்டு, அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவார் ரப்பர். காற்றுக்காக இல்லை, சத்தத்துக்காக. புதுக் கம்ப்யூட்டர் சத்தமே போடுவதில்லை. அது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்த கையோடு காதைக் கொண்டுபோய் அதன் முதுகில் வைத்துக் கேட்பார், டாக்டர் மாதிரி. ஒன்றும் கேட்காது. தொட்டால் மட்டும் வெதுவெதுவென்று இருக்கும். "மூச்சு விடுதான்னே தெரியல, ஆனா உடம்பு சுடுது" என்று சொல்லிக்கொண்டே விசிறியின் வேகத்தைக் கூட்டுவார்.

ரப்பர் என்பது தெருப் பிள்ளைகள் வைத்த பெயர். தொழில் போட்டோ ஸ்டூடியோ. படம் எடுப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. படத்திலிருந்து ஆளை எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. குடும்பப் படத்தின் நடுவில் சிரித்துக்கொண்டு நிற்கும் முன்னாள் மாப்பிள்ளையைத் தூக்கிவிட்டு, அவர் மறைத்திருந்த ஜன்னலையும் பூந்தொட்டியையும் அந்த இடத்தில் முளைக்க வைப்பார். பக்கத்து ஆள் தோளில் கை மட்டும் மிஞ்சிப்போனால் அதைத் தோள்துண்டாக மாற்றிவிடுவார். ஒரு அம்மாள் கோபத்தில் நாத்தனாரை அழித்து வாங்கிப்போனார். மறுவருஷமே இருவரும் ராசியாகி, நாத்தனாரைத் திரும்பப் போட்டுத் தரச் சொல்லிக் கைகோத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ரப்பர் தலையைச் சொறிந்தார். "போனவங்க போனதுதான்மா. ரெண்டு பேரும் அப்படியே நில்லுங்க, புதுசா ஒண்ணு எடுத்துடலாம்." அழித்த படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிடுவது அவர் வழக்கம். ரெண்டும் இருந்தால் எது நிஜம் என்று பின்னால் சண்டை வரும் என்பது அவர் கட்சி.

முதல் கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து ஒரே கம்பெனிதான், கறுப்பு டப்பா. கடைசியாக இருந்தது காலையில் கண்விழிக்கும்போது மேடேறும் லாரி போல முனகும். இடது விலாவில் ஒரு தட்டுத் தட்டினால் அடங்கும். திரை நீலமாகிப் படுத்துக்கொண்டால், "இப்ப என்னடா கோபம்" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வந்து பார்த்தால் கோபம் தணிந்திருக்கும். விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்து வெறும் கட்டையாகிவிட்டன. விரலுக்குத் தெரிந்தால் போதாதா என்பார். ஒருநாள் அது முனகவில்லை. தட்டியும் முனகவில்லை. ரிப்பேர்க்காரர் வந்தார், அவரைத் தெருவில் ஸ்குரூ என்பார்கள். திறந்து பார்த்து, மூடி, கையைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற குரலில், "அண்ணே, மேல ஆக வேண்டியதைப் பாருங்க" என்றார்.

மகள்தான் புதியதை வாங்கி வந்தாள், வேறு கம்பெனி. அவளுக்கு வார நாளில் ஆபீஸ். விடுமுறையில் அப்பாவோடு படம் எடுக்கப் போய், ஆட்களின் முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வட்டமான வெள்ளித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வளர்ந்து வேலைக்குப் போனாலும் அவருக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

புதியதில் மூடுகிற பொத்தான் இடது மூலையில் இருக்கிறது. "நாம தூங்கும்போது எவனோ வந்து வாசக்கதவை இடம் மாத்தி வெச்ச மாதிரி இருக்கு" என்று மகளிடம் புகார் சொன்னார். காப்பி எடுக்கும் விசை கட்டைவிரலுக்கு மாறிவிட்டது. அவர் சுண்டுவிரல் மட்டும் பழைய வீட்டைத் தேடிப்போகிற பூனை போலப் பழைய இடத்துக்கே போய் நிற்கும். ஆனால் நிறம் என்று ஒன்று இருக்கிறதே. கறுப்பு டப்பாவில் ஊரில் உள்ள எல்லோருக்கும் மஞ்சள் காமாலை. இதில் தோல் தோலாகத் தெரிந்தது. மகள் வெளியே போனதும் படங்களைப் பெரிதாக்கி, காது மடலில் இருக்கும் பூனைமுடி வரை பார்த்து ரசிப்பார். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும், "என்ன மெஷினோ, கர்மம்" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஊருக்கெல்லாம் படம் எடுத்தவர் வீட்டில் மனைவியின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் அடையாள அட்டைக்கு எடுத்தது; அதில் அவள் கண்ணை மூடியிருக்கிறாள். வேறு படத்துக்குக் கூப்பிட்டால், "நான் அங்க வந்து நின்னா வெளிச்சம் யாரு பிடிப்பா?" என்று நழுவிவிடுவாளாம். அந்தத் தட்டை முதலில் பிடித்தவள் அவள்தான். தப்பித்தவறிப் படத்தின் ஓரத்தில் அவள் முழங்கையோ தோளோ விழுந்தால், தூசியைத் தட்டுவதுபோல ரப்பர் அதை அழித்துவிடுவார். மகளுக்கு மூன்று வயதாகும்போது காய்ச்சலில் போனாள்.

அம்மா கண் எப்படி இருக்கும் என்று மகள் கேட்டிருக்கிறாள், சின்னதிலும் கேட்டாள், பெரியவளான பிறகும் கேட்டாள். "கண்ணு மாதிரிதான் இருக்கும்" என்பார். ஒருமுறை அவளுக்காக அந்த அட்டைப் படத்தில் கண்களைத் திறந்து வரைந்து பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. ஆனால் திறந்த கண் வழியாக வேறு யாரோ பார்த்தார்கள். கம்ப்யூட்டரை அப்படியே அணைத்துவிட்டு எழுந்து வந்தவர், பிறகு அந்தப் படத்தைத் தொடவில்லை.

பழைய டிஸ்க்குகளில் இருந்த படங்களையெல்லாம் மகள் புதியதில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். கறுப்பு டப்பா எதுவும் கேட்காது. சேமிக்கட்டுமா என்று கேட்கும், அவ்வளவுதான். இது யாரும் சொல்லாமலே முகங்களைப் பொறுக்கி, ஆள் ஆளாகப் பிரித்து, வட்ட வட்டமாக அடுக்கி வைத்து, ஒவ்வொன்றின் கீழும் 'இவர் யார்?' என்று கேட்டது. ஒரு மத்தியானம் ரப்பர் அதைக் கண்டுபிடித்தார். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. தெருமுனைப் பல் டாக்டர் ஒரே வரிசையில் தொட்டில் குழந்தையிலிருந்து வழுக்கை வரை வளர்ந்து முடித்தார். அழிக்கச் சொல்லி யாரும் வராத மாப்பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

வரிசையின் கோடியில் மங்கலாக ஒரு வட்டம். அழுத்தினார்.

சலூன் கண்ணாடியில் ஒரு பெண். பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடியில், கறுப்புக் காரின் கதவில், யாரோ வாங்கிய சான்றிதழின் சட்டத்தில் அதே பெண். சில இடத்தில் அரிசி அளவு. எல்லாவற்றிலும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, தாடைக்குக் கீழே வெள்ளித் தட்டைப் பிடித்திருந்தாள். எதுவும் தன் கண்ணுக்குத் தப்பாது என்று மார்தட்டியவருக்கு இத்தனை தப்பியிருந்தது. அவள் கண்கள் திறந்திருந்தன. படத்துக்கு நிற்பவர்களை அவள் பார்க்கவில்லை, லென்ஸையும் பார்க்கவில்லை. எல்லாப் படத்திலும் லென்ஸுக்குக் கொஞ்சம் மேலே பார்த்தாள். அங்கே என்ன இருந்தது என்று யோசித்த பிறகுதான், அங்கே தன் முகம் இருந்தது என்று ரப்பருக்கு உறைத்தது.

கீழே இறக்கிக்கொண்டே போனார். அவள் காய்ச்சலில் போன வருஷத்தோடு படங்கள் நின்றன. பிறகு நீளமான இடைவெளி. பிறகு மறுபடியும் தொடங்கின.

போன வருஷம் பள்ளிக்கூட வராந்தாக் கண்ணாடியில் நின்றாள். போன மாதம், கல்யாண மண்டபத்து லிஃப்ட் கதவில். அதே கழுத்து, அதே தட்டு, ஒரு நரை இல்லை. இப்போதும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரப்பர் விசிறியை நிறுத்தினார். அறை அத்தனை அமைதியாக இருந்ததே இல்லை. மெல்லத் திரும்பி, வெள்ளித் தட்டு சாய்த்து வைத்திருக்கும் மூலையைப் பார்த்தார். தட்டு மட்டும்தான் இருந்தது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்து மகளுக்குப் போன் போட்டார்.

"பாப்பா, இதைத் திருப்பிக் குடுத்துடு."

காரணம் கேட்டாள். "வேண்டாததையெல்லாம் சேர்த்து வைக்குது" என்றார். கடையில் விசாரித்தாள். நாளைக்குள் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வார்களாம், உள்ளே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுவார்களாம். படங்கள் பழைய டிஸ்க்குகளில் இருக்கும். ஆனால் எந்தப் படத்தின் எந்த மூலையில் யார் நிற்கிறார்கள் என்பது இந்த மெஷினுக்கு மட்டும்தான் தெரியும். துடைத்தால் அதோடு போயிற்று. இரவெல்லாம் அவர் புரண்டுகொண்டே இருந்தார்.

மறுநாள் மத்தியானம், ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் வந்த காலி அட்டைப்பெட்டியோடு மகள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். ரப்பர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முதுகைக் காட்டியபடியே, கொஞ்ச நேரம் பொறு என்பதுபோலக் கையை உயர்த்தினார். அவள் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். சலூன் கண்ணாடிப் படம் பெரிதாகத் திறந்திருந்தது. அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மாவா?"

அவர் தலையசைத்தார்.

"கண்ணு திறந்திருக்கு" என்றாள்.

"கீழ போய்ப் பாரு" என்றார். "போன மாசம் வரைக்கும் வந்திருக்கா."

அவள் மவுஸை வாங்கி இறக்கினாள். இடைவெளியைத் தாண்டினாள். ஒரு படத்தில் நின்று, குனிந்து பார்த்து, மூக்கால் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அப்பா, இது நான். லிஃப்ட் வாசல்ல நான்தானே தட்டைப் பிடிச்சேன்? நீலச் சட்டையைப் பாருங்க. என்னையும்தான் அழிச்சுட்டே வந்தீங்க, இதை விட்டுட்டீங்க."

"நீயா?"

"நான்தான்பா."

அவர் சட்டையைப் பார்த்தார். சட்டை அவளுடையதுதான். முகத்தைத்தான் நம்ப முடியவில்லை. இத்தனை வருஷமாக அவள் பிடித்த வெளிச்சம் அடுத்தவர் கன்னத்தில் சரியாக விழுகிறதா என்று மட்டுமே பார்த்து வந்தவர் அவர்.

அந்த நேரம் பார்த்து, ஒன்றாக அடுக்கியதில் மெஷினுக்கே சந்தேகம் வந்ததுபோல, திரையில் இரண்டு வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஒன்றில் சலூன் கண்ணாடி, மற்றதில் லிஃப்ட் கதவு. கீழே ஒரு கேள்வி: இருவரும் ஒருவரா, வேறு வேறா?

"வேறன்னு அமுக்குங்கப்பா" என்றாள் மகள். பிறகு, "இல்ல, இருங்க" என்றாள்.

மெஷின் சத்தமில்லாமல் காத்திருந்தது. ரப்பர் எதையும் அமுக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். படத்துக்கு உட்காருகிறவர்களுக்குச் செய்வதுபோல மகளின் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, திரையின் வெளிச்சம் விழும்படி அந்த முகத்தை மெதுவாக உயர்த்தி, இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினார்.